கொறங்காட்டில் தண்ணீர் வைத்துப் பார்த்தது

சென்னையை விட்டுத் தாராபுரம் பக்கம் குடிவந்த பிறகு, “விலங்கு பார்க்கணும்னா டாப்ஸ்லிப் போங்க, அமராவதி டேமுக்கு மேலே போங்க” என்றுதான் பலரும் சொன்னார்கள். போகலாம், நல்ல இடங்கள்தான். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாரு (தாத்தா) காலத்துக் கொறங்காடு ஒன்று கிடக்கிறது. அதில் என்னென்ன நடமாடுகிறது என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை என்று எனக்குப் பட்டது. அதற்காகச் செய்தவற்றை அளவு, பொருள், இடம் உட்பட இங்கே எழுதிவைக்கிறேன். வறண்ட பூமி வைத்திருக்கும் யாருக்கும் இது உதவும்.

கொறங்காடு தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் மாடும் ஆடும் மேய்வதற்கென்றே விட்ட நிலம் இது. தரையில் கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. மேற்கு மலையின் மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அந்தப் பக்கமே மழை கொட்டித் தீர்த்துவிடும். இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் மழை. மாசி பிறந்தால் நிலத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. அதனால்தான் எல்லாவற்றையும் தண்ணீரிலிருந்து தொடங்கினேன். தேடிக்கொண்டு நடந்தால் நம் காலடிச் சத்தத்துக்கே எல்லாம் ஒதுங்கிவிடும். தண்ணீரை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தால் அவை தாமாக வரும்.

மாட்டுக்குக் கட்டிய தொட்டி ஏற்கெனவே இருந்தது. அது குருவிக்கு ஆகாது. ஆழமும் அதிகம், சுவரும் வழுக்கும். அணில் விழுந்தால் ஏறி வர முடியாது. அதற்குள் ஒரு கரடுமுரடான மரக்கட்டையைச் சாய்த்துப் போட்டுவைத்தோம். மாட்டுத்தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் இந்த ஒன்றையாவது செய்துவிடலாம், செலவே கிடையாது.

குருவிகளுக்கென்று தனியாக ஒரு ஆழமில்லாத தட்டு போட்டோம். 3 அடி விட்டத்தில் வட்டமாகத் தரையைத் தோண்டி, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சீராகச் சரியும்படி செதுக்கினோம். அடியில் சரளை கொட்டித் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தோம். அதன் மேல் கோழி வலை விரித்து, 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு மணல் கலந்த கலவையை இரண்டரை அங்குலக் கனத்துக்குப் பரப்பினோம். அரை மூட்டைச் சிமெண்டு போதும். ஓரத்தில் தண்ணீர் வெறும் ஈரமாக நிற்க வேண்டும், நடுவில் 3 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சிட்டும் சில்லையும் ஓர் அங்குல ஆழத்துக்கு மேல் இறங்குவதில்லை. ஆகவே தட்டின் பெரும்பகுதி அந்த அளவிலேயே இருக்கட்டும்.

வேலை செய்த கொத்தனார் அண்ணன் பழக்கப்படி கரண்டியால் மழமழவென்று தேய்க்கப் போனார். வேண்டாம் என்று சொல்லி, கலவை இறுகுவதற்குள் சீமாற்றை நனைத்து மேலோட்டமாக இழுத்துவிட்டோம். அந்தக் கீறல்கள்தான் சின்னக் கால்களுக்குப் பிடிமானம். ஒரு வாரம் சாக்கை நனைத்துப் போட்டு ஆறவைத்தோம். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்புக் காரம் தண்ணீரில் இறங்கும் என்பதால், அதன் பிறகும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்துக் கொட்டுவதைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டுத்தான் குடிக்கிற தண்ணீரை ஊற்றினோம்.

எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு நிறைய யோசித்தோம். வேலியை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கிப் பாயும். நடுக்காட்டில் வைத்தால் வல்லூறு வரும்போது ஓடி ஒளியப் புதர் இருக்காது. வேலியிலிருந்து 10 அடி தள்ளி, பிற்பகலில் வெள்வேல நிழல் விழும் இடமாகப் பார்த்தோம். வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளியும் இருக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் தவளை வரும், தவளை வந்தால் பாம்பு வரும். நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எல்லாம் இந்த மண்ணுக்குரியவைதான். இருட்டில் டார்ச்சும் கால் மூடிய செருப்பும் இல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை என்பது வீட்டில் எல்லோருக்குமான விதி. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டு. தேங்கிக் கிடக்கும் தண்ணீரைக் கவனிக்காமல் போகும் பறவை, மேலிருந்து ஒரு சொட்டு விழுந்து வளையம் விரிவதைக் கண்டால் இறங்கிவிடும். சொட்டு நீர்ப் பாசனத்தின் முனைகள், கிளையில் தொங்கும் கேனிலிருந்து வரும் அழுத்தத்துக்குச் சரியாக வேலை செய்யாது. மெடிக்கல் கடையில் புதிதாக ஒரு குளுக்கோஸ் டியூப் வாங்கி, 20 லிட்டர் கேனின் அடியில் பொருத்தினேன். அதிலுள்ள உருளையைத் திருகினால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். உறையிலேயே 20 சொட்டுக்கு 1 மில்லி என்று போட்டிருக்கும். நொடிக்கு ஒரு சொட்டு வைத்தால் நாளொன்றுக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல் இறங்கும். தையில் இது தாராளம். சித்திரை வெயிலில் ஆவியாவதற்கே சரியாகப் போய்விடும், காலையில் ஒரு குடம் தனியாக ஊற்ற வேண்டும்.

ஆடு மாடு மிதிக்காமல் இருக்க, வெட்டிய வெள்வேல முள்ளைச் சுற்றிலும் வட்டமாகப் போட்டு, அடியில் ஒரு சாண் உயரத்துக்கு அங்கங்கே சந்து விட்டோம். தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழுதாகக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுகிறோம். சோப்போ பிளீச்சிங் பவுடரோ படக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், இந்தக் கணக்கில் கழுவினால் கொசுத் தொல்லை கிடையாது.

முதலில் வந்தவை தவிட்டுக்குருவிகள். ஒன்று வந்து பார்த்துவிட்டுக் கத்தியது, பின்னாலேயே மொத்தக் கூட்டமும் இறங்கியது. அதற்கப்புறம் மைனா, கொண்டைக்குருவி, அணில், புறா. தண்ணீர் குடிப்பதிலேயே இவை எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அங்கே உட்கார்ந்துதான் கண்டேன். மைனா ஒரு வாய் அள்ளி, தலையை அண்ணாந்து தொண்டைக்குள் இறக்கும், மறுபடி குனியும். தவிட்டுப் புறா அப்படியில்லை. அலகைத் தண்ணீருக்குள் வைத்தால் எடுக்காமல் உறிஞ்சிக் குடித்துவிட்டுப் போய்விடும். வல்லூறுக்குப் பயந்து வாழும் பறவைக்கு அது எவ்வளவு பெரிய வசதி! கரிச்சான் இந்தத் தட்டுக்கு வருவதே இல்லை. அது பறந்துகொண்டே கிணற்றுத் தண்ணீரில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, மேலே வந்து மின்கம்பியில் உட்கார்ந்து இறகைக் கோதும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்டது ஆக்காட்டிதான். புத்தகத்தில் ஆள்காட்டி என்பார்கள். மூக்குக்கு மேலே சிவந்த தசையும் நீண்ட மஞ்சள் காலுமாக, ஆளைக் கண்டால் ஊரையே கூட்டும் பறவை. கோடை முற்றிய நேரத்தில், நடுப்பகலில் ஒன்று தட்டுக்கு வந்தது. குடிக்கவில்லை. தண்ணீருக்குள் நடந்துபோய் நின்று, காலை மடக்கி வயிறு முழுக்கத் தண்ணீரில் படும்படி உட்கார்ந்தது. உடம்பை முன்னும் பின்னும் அசைத்து, இறகுகளைச் சிலிர்த்து மறுபடி அமுக்கியது. பிறகு எழுந்து, வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சரளை மேட்டுப் பக்கமாக வேகமாக நடந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் ஜோடி வந்து அதையே செய்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவிடம் கேட்டேன்.

“முட்டைக்குத் தண்ணி கொண்டு போவுது கண்ணு. இந்த வெயில்ல கல்லு மேல கெடந்தா முட்டை வெந்துபோயிருமில்ல?”

“முட்டை எங்கிருக்குன்னு பார்க்கலாங்களா ஆத்தா?”

“பாரு, ஆனாக் கிட்டப் போகாத. அடையாளத்துக்குக் குச்சி கிச்சி நட்டுப்போடாத கண்ணு. காக்கா அதைப் பார்த்துப்போட்டு வந்துரும்.”

ஆத்தா சொன்னதே பறவை ஆராய்ச்சியாளர்களும் பதிவு செய்திருப்பது. தரையில் முட்டையிடும் ஆள்காட்டிகள் அடிவயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டுபோய் முட்டையையும் குஞ்சையும் குளிர்விக்கின்றன. கோடையில் இந்தப் பறவைக்கு அடைகாப்பதென்றால் சூடேற்றுவதைவிடச் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. நான் பைனாகுலரில் தேடிக் கண்டபோது, சரளைக்கு நடுவே லேசான குழிவு, அதில் நான்கு முட்டைகள், கூர்முனைகள் நால்வரும் முகம் பார்த்ததுபோல உள்பக்கம் திரும்பியிருந்தன. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் முட்டை எது, கல் எது என்று தெரியவில்லை. பறவை கத்தத் தொடங்கினால் நாம் வேண்டிய அளவுக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அந்த எல்லையை ஒருமுறை தெரிந்துகொண்டபின் அதற்கு வெளியேதான் ஸ்டூல் போட்டேன். குஞ்சு பொரிய ஏறக்குறைய நான்கு வாரம். பொரித்த அன்றே குஞ்சுகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. அந்தக் காலம் முழுக்க அந்த மேட்டுப் பக்கம் ஆடுகளை ஓட்டாமல் ஆத்தாவே பார்த்துக்கொண்டார்.

இரவில் வருபவற்றுக்காகத்தான் கேமரா. இந்தத் தானியங்கிக் கேமராக்கள் அசைவை மட்டும் வைத்து வேலை செய்வதில்லை. முன்னால் இருக்கும் பின்னணியைவிடச் சூட்டில் வேறுபட்ட ஏதாவது குறுக்கே போனால்தான் அவற்றின் உணரி விழித்துக்கொள்ளும். இது புரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. சித்திரை மதியத்தில் தரையின் சூடும் கீரியின் உடம்புச் சூடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். கீரி நேர் எதிரே நடந்துபோனாலும் கேமரா படம் எடுக்காமல் போகலாம். ஆகவே பகலுக்கு நம் கண், ராத்திரிக்குக் கேமரா என்று பிரித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரின் தனிச் சிக்கல் காற்று. வைகாசிக் கடைசியில் கணவாய்க் காற்று இறங்கினால் ஆவணி வரைக்கும் ஓயாது. காற்றாலைக்காரர்களுக்கு நல்ல காலம், கேமராவுக்கு இல்லை. வெயிலில் சூடேறிய கொழுக்கட்டைப் புல் ஆடும்போதெல்லாம் அது விலங்கு என்று எடுத்துக்கொண்டு படமாக எடுத்துத் தள்ளும், படங்கள் பதியும் மெமரி அட்டை நிறைந்துபோகும். மரத்தில் கட்டினால் மரமும் ஆடுகிறது. வேலி ஓரம் கிடந்த பழைய கல்லுக்கால் ஒன்றை இரண்டடி ஆழத்தில் நட்டு, அதில் கேமராவைப் பட்டையால் இறுக்கினேன். முன்னால் விசிறி வடிவில் 6 அடிக்கு மட்டும் புல்லை அறுத்தேன், அதற்கு மேல் அறுக்க வேண்டியதில்லை. முகம் வடக்கே பார்த்திருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் கண்ணாடியில் அடிக்காது. உயரம் முழங்காலுக்குக் கீழே. ஆளுயரத்தில் வைத்தால் முயலின் முதுகுதான் கிடைக்கும்.

வாங்கும்போது ஒன்று பார்க்க வேண்டும். இரவுக்கான அகச்சிவப்பு விளக்கு 850 நானோமீட்டர் என்றால் எரியும்போது மங்கலாகச் சிவப்பு தெரியும், வெளிச்சம் தூரம் போகும். 940 என்றால் கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறையும். தண்ணீர்த் தட்டு கிட்டத்திலேயே இருப்பதால் நான் 940 எடுத்தேன். சாதாரண பேட்டரி கொஞ்சம் இறங்கியதுமே ராத்திரிப் படங்கள் இருண்டுவிடும். திரும்பச் சார்ஜ் செய்யும் நல்ல செல்கள் கடைசிவரை ஓரளவு சீராகக் கொடுக்கும். அப்புறம் எறும்பு. கேமராவின் உட்சூடு அதற்கு ரொம்பப் பிடிக்கும், ரப்பர் விளிம்பு வழியாகப் புகுந்து முட்டையே வைத்துவிடும். கல்லுக்காலில் கேமராவுக்குக் கீழே விரற்கடை அகலத்துக்குக் கிரீஸ் தடவிவிட்டால் ஏறாது, மழைக்குப் பின் மறுபடி தடவ வேண்டும். உள்ளே ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்.

அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால் பெரும்பாலும் ஊர் நாய்களும் ஆடுகளும்தான். அவற்றுக்கு நடுவே முயல். பிடரியில் கறுப்புத் திட்டோடு, காதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு குடிக்கிறது. மரநாய் சுவர் ஏறுவதுபோல் முள்வட்டத்தின் மேலே ஏறி உள்ளே இறங்குகிறது. புள்ளி ஆந்தை விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துத் தலையை ஏற்றி இறக்குகிறது. பக்கி என்னும் இரவுப் பறவை ஒன்று அறுத்த புல் பரப்பிலேயே அமர்ந்து இரவெல்லாம் பூச்சி பிடிக்கிறது.

முள்ளெலி வந்த படங்களைத்தான் அதிக நேரம் பார்த்தேன். தென்னிந்தியாவின் வறண்ட பகுதிகளில் மட்டும் வாழும் உயிர் இது. ஒரு கைக்குள் அடங்கும் அளவுதான். முள்வட்டத்தின் அடிச்சந்து வழியாக நுழைந்து, மூக்கால் தரையை மோந்துகொண்டே தட்டின் விளிம்புக்கு வருகிறது. முன்னங்கால் இரண்டையும் ஈரத்தில் வைத்து நெடுநேரம் குடிக்கிறது. அடுத்த படத்தில் நாய் ஒன்று வட்டத்துக்கு வெளியே நிற்கிறது; முள்ளெலி இருந்த இடத்தில் ஓர் உருண்டை. அதற்கடுத்த படத்தில் நாய் இல்லை, உருண்டையிலிருந்து மூக்கு மட்டும் வெளியே நீண்டிருக்கிறது. ஓரம் சரிவாக இல்லாமல் செங்குத்தாக இருந்திருந்தால் இத்தனை சின்னக் காலை வைத்துக்கொண்டு அது குடித்திருக்கவே முடியாது. கொத்தனார் அண்ணனிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். அவர் அதைத் தன் செல்லில் ஏற்றிக்கொண்டு போனார்.

முள்ளெலியின் முள்ளைச் சுட்டுக் கக்குவான் இருமலுக்கு மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு, அதற்காகவே பிடிப்பவர்களும் உண்டு. அதனால் எந்தக் காடு, எந்த வேலி என்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது இடத்தை மறைத்துக் காட்டும் வசதி இருக்கிறது. இப்படிப்பட்ட உயிர்களுக்கு அதைத் தவறாமல் போட்டுவிடுங்கள். பறவைகளை இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் 15 நிமிடப் பட்டியலாக ஏற்றுகிறேன். பொங்கலையொட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் இதே முறைதான். மழைமறைவு மேய்ச்சல் நிலங்களிலிருந்து போகும் பட்டியல்கள் ஏரிகளைவிடக் குறைவு, ஆகவே இங்கிருந்து போகும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு உண்டு.

மயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தண்ணீர் வைத்தால் மயில் கண்டிப்பாக வரும். வந்தால் பக்கத்துக் காட்டில் விதைத்த கடலையும் மக்காச்சோளமும் போகும். பார்க்கிற நமக்கு அழகு, விதைத்தவருக்கு நட்டம். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் முதலிலேயே பேசி, அவர் விதைக்கும் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளித் தட்டைப் போட்டோம். விதைத்து முளை வரும் வரைக்கும் அதிகாலையில் அந்த எல்லையில் நான் போய் நின்று விரட்டிக் கொடுக்கிறேன். அந்த வேலைக்குப் போகும்போதுதான் கௌதாரிகள் ஜோடி ஜோடியாகக் கூப்பிடுவதையும் நன்றாகக் கேட்க முடிகிறது.

அடுத்தது வேலி. வந்த புதிதில் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போட்டால் ‘நீட்டாக’ இருக்கும் என்று ஆலோசனை வந்தது. ஆத்தாவிடம் சொன்னபோது, “கம்பியில என்ன கண்ணு இருக்கு, காத்துத்தான் பூந்து போகும்” என்றார். உண்மையில் இந்தக் காட்டின் பாதி உயிர் அந்த வேலிக்குள்தான் இருக்கிறது. கோவைக்கொடியும் பிரண்டையும் பின்னிக் கிடக்கும் இடத்தில் கொண்டைக்குருவி கூடு கட்டுகிறது. அடியில் உதிர்ந்து மக்கிய சருகுக்குள் கீரியும் முள்ளெலியும் நுழைந்து கிடக்கின்றன. கோடையில் கிளுவை இலையெல்லாம் கொட்டிவிடும். பச்சோந்தியைப் பார்க்க அதுதான் நேரம், மொட்டைக் கொம்பில் ஓரடி வைக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பொறுமையாகப் பார்க்கலாம். ஆகவே வேலியை எடுக்கவில்லை, சந்து விழுந்த இடங்களை மட்டும் அடைத்தோம். முற்றிய கிளுவைக் கொம்பை நாலடி நீளத்துக்கு வெட்டி, மழைக்கு முன் முக்காலடி ஆழத்தில் நெருக்கமாக ஊன்றி, குறுக்கே முள்ளை வைத்துக் கட்டினால் போதும். மழை விழுந்ததும் துளிர்க்கும்.

ஐப்பசி மழை பிடித்தால் எங்கும் தண்ணீர், தட்டுக்கு வருவது குறைந்துவிடும். அப்போது அதைக் காயவிட்டு, பாசியைச் சுரண்டி, விரிசல் இருந்தால் சிமெண்டுப் பால் ஊற்றி அடைக்கிறேன். கேமராவைத் தட்டுப் பக்கத்துக் கல்லுக்காலிலிருந்து கழற்றி, வேலியில் காலடி படிந்த சந்து ஒன்றைப் பார்த்து வைத்துவிடுவேன். மழைக்காலத்தில் எல்லா நடமாட்டமும் அந்தச் சந்துகள் வழியாகத்தான். புதிதாகத் தட்டுப் போட நினைப்பவர்கள் தை மாதமே போட்டுவிடுங்கள். சிமெண்டு ஆறிக் காரம் போவதற்கும், குருவிகளுக்கு இடம் பழகுவதற்கும் அவகாசம் கிடைக்கும். பங்குனி வெயில் வரும்போது தண்ணீர் தயாராக இருக்கும்.